'முதல்' என்ற சொல்லும் யாழ்ப்பாணத்துப் பொது அறிவும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் பாடசாலைகளுக்கிடையிலான பொது அறிவுப் போட்டி ஒன்றுக்கு நடுவர்களுள் ஒருவராகச் செல்ல நேர்ந்தது. 'சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பட்டதாரி யார்?' என்பது வினா. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, 'ஒருவரல்லர், இருவர்' என்று தொடங்கினாள். ஏற்பாட்டாளர்கள் எமக்குத் தந்த விடைத்தாளில் ஒரு பெயரே இருந்தது. மணி அடிக்கப்பட்டது; புள்ளி மற்றைய அணிக்குப் போயிற்று. மாணவி கூறியதே சரியென்பதை அறிந்திருந்தும் விடைத்தாளை மீறுவதற்கு அன்று எமக்குத் துணிவு வரவில்லை. அந்தத் தவறு இன்றுவரை மனத்தை உறுத்திக்கொண்டிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் பொது அறிவு வினாவிடை நூல்களுக்கு என்றும் குறைவிருந்ததில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தம் செய்யும் சிறுவர் முதல், ஆசிரியர் சேவைக்கும் நிர்வாக சேவைக்கும் தோற்றும் பட்டதாரிகள் வரை அவற்றை மனனம் செய்கின்றனர். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார், அச்சுக்கலையின் தந்தை யார் என்பவற்றோடு, 'எமது முதல்வர்கள்' பற்றிய வினாக்களும் அவற்றில் தவறாது இடம்பெறுகின்றன. முதற் பத்திரிகை, முதல் அகராதி, முதல் நாவல், முதல் மருத்துவக் கல்லூரி, முதற் பெண்கள் விடுதிப் பாடசாலை என அப்பட்டியல் நீளும். ஒரு வினாவுக்கு ஒரு விடை; ஒரு விடைக்கு ஒரு பெயர். பரீட்சை மண்டபத்துக்கு இது வசதியானதுதான். ஆயினும் அந்த ஒரு பெயருக்குப் பின்னால் மறைந்து போனவர்கள் எத்தனை பேர் என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மாணவியின் விடைக்கு வருவோம். 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய முதலாவது பீ.ஏ. பரீட்சையில் சித்தியெய்தியவர்கள் இருவர். ஒருவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர்; இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் பழைய மாணவர். தாமோதரம்பிள்ளை முதல் நிலையில் சித்தியெய்தினார். பின்னாளில் ஏட்டுச்சுவடிகளைத் தேடி எடுத்துப் பதிப்பித்த பெரும்பணியினாலும் அவர் புகழ் ஓங்கிற்று. எனவே அவர் பெயர் நின்றது; விசுவநாதபிள்ளையின் பெயர் கரைந்தது. ஆனால் பட்டம் பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1855இல், 'வீசகணிதம்' என்ற பெயரில் அட்சரகணித நூலொன்றைத் தமிழில் தந்தவர் இந்த விசுவநாதபிள்ளை. கணிதத்தைத் தமிழிற் கற்பிக்க முடியுமா என்று அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் விவாதித்துக்கொண்டிருந்த சமூகம், அந்நூலை நினைவில் வைத்திருந்தால் சற்று வெட்கப்பட்டிருக்கும்.

தாமோதரம்பிள்ளைக்குச் சேரவேண்டிய புகழை நாம் குறைக்கவில்லை. கலித்தொகை 1887இல் அவரால்தான் முதன்முதலாக அச்சேறிற்று. அவருக்கு முன்னர் அது ஏட்டிலே முடங்கிக் கிடந்தது. எனினும், 'தொல்காப்பியத்தை முதலில் அச்சிட்டவர் யார்?' என்ற வினாவுக்கும் அவர் பெயரையே எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அது சரியன்று. மழவை மகாலிங்கையர் 1847இலேயே எழுத்ததிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டுவிட்டார். தாமோதரம்பிள்ளையின் சொல்லதிகாரச் சேனாவரையப் பதிப்பு வெளிவந்தது 1868இல். புகழ்பெற்றவர் ஒருவரின் கணக்கில் மற்றவர்களின் உழைப்பையும் வரவு வைப்பது எம்மிடையே பழகிப்போன ஒரு வழக்கம். அதனால் அந்தப் பெரியவருக்கும் நன்மை இல்லை.

இன்னொரு வினா: 'இலங்கையின் முதலாவது தமிழ்ப் பத்திரிகை எது?' உதயதாரகை என்பது விடை. 1841ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் திகதி முதலாவது இதழ் வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்து, மாதம் இருமுறை வந்த பத்திரிகை அது. அதன் ஆசிரியர்கள் யாவர் என்று தொடர்ந்து கேட்டால் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற பெயர்கள் வரும். அவற்றைக் கேட்டதும் அவர்கள் அமெரிக்கத் துரைமார் என்று பலரும் எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அவர்கள் இருவரும் செமினரியிற் பயின்ற யாழ்ப்பாணத்துத் தமிழர். அமெரிக்காவிலிருந்து பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பிய கொடையாளிகள் தாம் விரும்பிய பெயர்களையும் உடன் அனுப்பினர். பணத்தோடு பெயரும் வந்து சேர்ந்தது. கறோல் என்பதும், ஆர்னல்ட் என்பதும் அவ்வாறு ஒட்டிக்கொண்டவையே. தாமோதரம்பிள்ளைக்குக்கூட ஆங்கிலத்தில் அவ்வாறான ஒரு பெயர் இருந்தது. அவரோ அதே முதலெழுத்துகளின் ஓசையைத் தமிழில் சிறுப்பிட்டி வைரவநாதர் என்பதற்கு உரியதாக்கிக் கொண்டார். எம் முன்னோரின் சாமர்த்தியத்துக்கு இதைவிட அழகான சான்று கிடைப்பது அரிது.

அந்தப் பத்திரிகை 1841இல்தான் ஏன் வந்தது, முன்னரே ஏன் வரவில்லை என்ற வினாவை எந்த நூலும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் சுவையான வரலாறு ஒன்று வெளிப்பட்டிருக்கும். அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1820இல் ஜேம்ஸ் கறெற் என்ற அச்சுத் தொழிலாளர் அவர்களுக்குத் துணையாக வந்து சேர்ந்தார். ஆனால் அப்போது பதில் ஆளுநராக இருந்த எட்வேட் பான்ஸ் அவர் தங்குவதற்கு அனுமதி மறுத்துவிட்டார். பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் 1812இல் மூண்ட போரின் கசப்பு முற்றாக ஆறாத காலம் அது. அமெரிக்கர் கையில் அச்சியந்திரம் இருப்பதை ஆளுநர் விரும்பவில்லைப் போலும். கறெற் இந்தியாவுக்குச் சென்று பம்பாயிற் பணியாற்றி அங்கேயே மறைந்தார். தடை நீங்கி, மைனர் என்ற அச்சகர் 1834இல் வந்த பின்னரே மானிப்பாயில் அச்சகம் தழைத்தது. பதினான்கு ஆண்டுக் காலத் தாமதத்துக்கு ஒரு மனிதரின் ஐயமே காரணம். அச்சியந்திரத்தைக் கண்டு அஞ்சும் ஆட்சியாளர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர் என்பது பத்திரிகைக்காரராகிய எமக்குப் புதிய செய்தியல்ல.

இங்கு இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். உதயதாரகை இலங்கையின் முதலாவது தமிழ்ப் பத்திரிகையே தவிரத் தமிழின் முதலாவது பத்திரிகையன்று. சென்னையில் 1831இலேயே 'தமிழ் மகசீன்' வெளிவந்தது. அச்சு என்று பார்த்தாலோ, தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டு கொல்லத்திலே வெளிவந்துவிட்டது. அதற்கும் முன்னர், 1554இல், லிஸ்பனில் உரோமன் எழுத்தில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருந்தது. ஆகவே 'தமிழின் முதல் அச்சு நூல்' என்றால் எந்த எழுத்தில் என்ற எதிர்க்கேள்வி எழுந்தே தீரும். எழுத்து வேறு, மொழி வேறு என்பதை அரபு எழுத்திலே தமிழை எழுதி வந்த முஸ்லிம் மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அகராதிகளின் வரலாறு இவை எல்லாவற்றிலும் செழிப்பானது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732இல் எழுந்தது. அதற்கு முன்னர் எம்மிடம் இருந்தவை செய்யுளில் அமைந்த நிகண்டுகள். அவற்றை மனனம் செய்தவனுக்கே சொற்பொருள் கைகொடுக்கும். அகர வரிசையில் சொல்லைத் தேடிப் பொருளை அறியும் வசதியைப் பெரிய அளவில் தமிழருக்குத் தந்த நூல்களுள் முன்னிற்பது 1842இல் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பதிப்பிக்கப்பட்ட யாழ்ப்பாண அகராதி. மானிப்பாய் அகராதி என்றும் அதனை வழங்குவர். அதிலுள்ள சொற்கள் ஏறத்தாழ 58,500. அதன் தொகுப்பில் பெரும்பங்கு சந்திரசேகர பண்டிதருடையது.

ஆனால் அந்த அகராதியின் வேர் மானிப்பாயில் இல்லை, நல்லூரில் இருக்கிறது. அங்கு சேர்ச் மிஷனைச் சேர்ந்த ஜோசப் நைற் என்ற ஆங்கிலேயப் போதகர் பல்லாண்டுகளாகச் சொற்களைச் சேகரித்து வந்தார். தமிழுக்குத் தமிழில் ஒன்று, தமிழுக்கு ஆங்கிலத்தில் ஒன்று என இரண்டு அகராதிகள் திட்டமிடப்பட்டன. அவருக்கு உறுதுணையாக இருந்தவர்களுள் கபிரியேல் திசேரா குறிப்பிடத்தக்கவர். பின்னர் நைற் காலமானார். அவர் விட்டுச்சென்ற கையெழுத்துக் குவியல் பலர் கைக்கு மாறி, ஈற்றில் உடுவிலிலிருந்து சென்னைக்கு இடம் மாறியிருந்த மிரன் வின்ஸ்லோவிடம் சேர்ந்தது. உள்ளூர்ப் புலவர் பலரின் துணையுடன் அவர் 1862இல் வெளியிட்ட தமிழ் - ஆங்கில அகராதி 67,452 சொற்களைக் கொண்டது. இரண்டு ஆண்டுகளின் பின் தாயகம் திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையிலே வின்ஸ்லோ உயிர்நீத்தார். அகராதிக்கு அவர் பெயர் நிலைத்துவிட்டது. நைற்றின் பெயரைச் சொன்னால் இன்று நல்லூரிலேயே எத்தனை பேர் அறிவார்கள்?

அந்த அகராதி அத்தோடு நின்றுவிடவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிக்கன் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைக் கொண்டது. அதன் அத்திவாரத்தில் வின்ஸ்லோவின் அகராதி இருந்தது. வின்ஸ்லோவின் அத்திவாரத்தில் நல்லூர்ச் சேகரிப்பு இருந்தது. ஒவ்வொரு தலைமுறையும் முந்திய தலைமுறையின் தோளில் ஏறி நின்றே தூரத்தைப் பார்த்தது.

அகராதி பற்றிய வினாக்களில் அடிக்கடி நேரும் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கதிரைவேற்பிள்ளை என்ற பெயரில் இரண்டு அகராதிக்காரர் எமது வடமராட்சியிலிருந்தே தோன்றினர். ஒருவர் உடுப்பிட்டிக் கு. கதிரைவேற்பிள்ளை. நீதிபதியாகப் பணியாற்றியவர். அவர் தொகுத்த தமிழ்ச் சொல்லகராதியை அவர் மறைவின் பின் மதுரைத் தமிழ்ச் சங்கம் 1910 தொடக்கம் 1923 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டது. மற்றவர் புலோலி நா. கதிரைவேற்பிள்ளை. சென்னையில் வாழ்ந்து திரு. வி. கலியாணசுந்தரனாருக்கு ஆசிரியராக விளங்கி, 1907இல் இளவயதிலேயே மறைந்தவர். முன்னவரின் அகராதியைப் பின்னவருக்கும், பின்னவரின் மாணாக்கரை முன்னவருக்கும் கொடுத்து எழுதப்பட்ட கட்டுரைகளைப் பார்த்திருக்கிறோம். முதலெழுத்தைக் கவனியாமையின் விளைவு.

சொல்லுக்குப் பொருள் கூறுவது அகராதி. நளன் யார், நாவலந்தீவு எது, கபிலர் என்ற பெயரில் எத்தனை பேர் என்று ஒருவன் அறிய விரும்பினால் அவன் எதைப் பார்ப்பது? இன்றைய பொது அறிவு நூல்களின் மூதாதையான அந்தத் தேவைக்கு விடையளித்தவர் மானிப்பாய் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை. 1902இல் அவர் வெளியிட்ட 'அபிதானகோசம்' புராண இதிகாசங்களிலும் இலக்கியத்திலும் வரும் பெயர்களை அகர வரிசையிற் தொகுத்து விளக்கிய நூல். தமிழின் முதலாவது கலைக்களஞ்சியம் என்று எம் மாணவர் எழுதும் 'அபிதான சிந்தாமணி' வெளிவந்தது 1910இல். அதனைத் தொகுத்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் நூல் அளவிற் பன்மடங்கு பெரியது. அதற்காக அவர் நெடுங்காலம் பட்ட பாடும் சிறியதன்று. பாண்டித்துரைத் தேவரின் ஆதரவு கிடைத்திராவிட்டால் அது வெளிவந்திருக்குமோ என்பதே ஐயம். எனினும் எட்டு ஆண்டுகள் முந்தியது யாழ்ப்பாணத்து நூல் என்பது உண்மை. நவீன முறையிலமைந்த, அறிவியலையும் உலக வரலாற்றையும் உள்ளடக்கிய கலைக்களஞ்சியம் வேண்டுமென்றால், பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டதையே சொல்லவேண்டும். ஆக 'முதல் கலைக்களஞ்சியம் எது?' என்ற ஒரு வினாவுக்கு, 'கலைக்களஞ்சியம்' என்பதற்கு நாம் கொள்ளும் பொருளைப் பொறுத்து மூன்று விடைகள் உள்ளன.

புலவர் வரலாற்றுக்கும் இது பொருந்தும். சைமன் காசிச்செட்டி 'தமிழ் புளூட்டாக்' என்ற பெயரில் தமிழ்ப் புலவர் சரிதங்களை ஆங்கிலத்தில் எழுதி 1859இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் 'பாவலர் சரித்திர தீபகம்' 1886இல் தமிழில் வந்தது. காசிச்செட்டி யாழ்ப்பாணத்தவரல்லர். கற்பிட்டியிற் பிறந்தவர். இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகர வரிசையில் விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்ற ஆங்கில நூலை 1834இல், தமது இருபத்தேழாவது வயதளவில், வெளியிட்டவர். இலங்கை முஸ்லிம் மக்களின் வழக்காறுகளைப் பற்றியும் எழுதியவர். கற்பிட்டி என்ற ஊரின் பெயர் இக்கட்டுரையின் பிற்பகுதியில் வேறொரு காரணத்துக்காக மீண்டும் வரும்.

மருத்துவத்துக்கு வருவோம். 'இலங்கையில் மேலைத்தேய மருத்துவக் கல்வி முதன்முதலில் எங்கு முறையாகக் கற்பிக்கப்பட்டது?' மானிப்பாயில். கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கியது 1870இல். அதற்கு இருபத்திரண்டு ஆண்டுகள் முன்னரே வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கிவிட்டார். அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்ரரில் 1822இற் பிறந்த அவர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். இவ்வளவும் வினாவிடை நூல்களில் உண்டு. அவற்றில் இல்லாதவையே முக்கியமானவை.

கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆங்கிலம் வழியாகக் கற்றவர்கள் அரசாங்கச் சம்பளத்தை நாடி வெளியூர்களுக்குப் போய்விடுவதையும், கிராமத்து நோயாளி முன்போலவே கைவிடப்பட்டிருப்பதையும் அவர் கண்டார். 1860களின் நடுப்பகுதியில் பயிற்று மொழியைத் தமிழாக மாற்றினார். தமிழில் நூல் இல்லையென்றால் நூலை ஆக்குவதே வழி என்பது அவர் துணிபு. 'இரணவைத்தியம்' 1867இலும், 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' ஆகியன 1872இலும், 'கெமிஸ்தம்' 1875இலும், 'மனுஷ சுகரணம்' 1883இலும் வெளிவந்தன. ஒவ்வொன்றும் அக்காலத்தில் மேலைநாட்டு மாணவர் பயன்படுத்திய பாடநூலின் தமிழாக்கம். பெயர்களை நோக்கினாலே அவர் கையாண்ட முறை விளங்கும். வழக்கிலுள்ள சொல் கிடைத்தால் அதனைக் கொண்டார். இல்லையேல் வடமொழியை நாடினார். இரண்டிலும் அகப்படாதபோது ஆங்கிலச் சொல்லையே தமிழ் நாவுக்கு இசையத் திரித்துக்கொண்டார். 'கெமிஸ்தம்' என்ற சொல்லைக் கேட்டு இன்று புன்னகைக்கலாம். அந்தச் சொல்லைக்கொண்டு இரசாயனம் கற்றவர்கள் நோயாளிகளைக் குணப்படுத்தினார்கள்.

இந்த நூல்களையெல்லாம் கிறீன் எழுதினார் என்றே பொதுவாகச் சொல்லப்படுகிறது. சப்மன், டன்வதர், சுவாமிநாதன் முதலிய அவருடைய மாணாக்கர் செய்த மொழிபெயர்ப்புகள் அவற்றுள் அடங்கும். கிறீன் அவற்றைத் திருத்திச் செப்பனிட்டார். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் சென்ற கையெழுத்துப் பிரதிகளை வூஸ்ரரிலிருந்து திருத்தி அனுப்பிக்கொண்டேயிருந்தார். மனுஷ சுகரணம் வெளிவந்த மறு ஆண்டு, 1884இல், மறைந்தார். தமிழருக்கான மருத்துவ ஊழியர் என்ற பொருள்படும் வாசகமே அவர் விருப்பப்படி கல்லறையிற் பொறிக்கப்பட்டது. அவரிடம் பயின்று வெளியேறியவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பலரின் பெயர்கள் மானிப்பாயில் வீட்டுக் கதைகளாக மட்டும் எஞ்சியிருக்கின்றன.

உடுவில் மகளிர் கல்லூரியை 'ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை' என்று எழுதும் வழக்கமும் உண்டு. 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரின் முயற்சியால் அது தோன்றியது. பெண்பிள்ளைகளை வீட்டுக்கு வெளியே தங்கவைத்துக் கற்பிப்பது யாழ்ப்பாணத்தில் நினைத்தும் பார்க்க முடியாததாயிருந்த காலம். அது போதாதா? ஆசியா என்பது மிகப் பெரிய சொல். தரங்கம்பாடியில் சீகன்பால்கு பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கியது 1707இல். ஆதலால் உடுவிலின் உரிமை முழுவதும் 'விடுதி' என்ற ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. கண்டத்தையே துணைக்கு அழைக்காமலும் அக்கல்லூரிக்குப் பெருமை உண்டு.

நாவலைப் பற்றிய வினா முஸ்லிம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்தது. தமிழின் முதலாவது நாவலாகிய வேதநாயகம்பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சாயிற்று. இலங்கையின் முதலாவது தமிழ் நாவல் எது என்பதற்கு, 1891இல் வந்த 'ஊசோன் பாலந்தை கதை' என்றும், 1895இல் திருகோணமலைச் சரவணமுத்துப்பிள்ளை எழுதிய 'மோகனாங்கி' என்றும் எம் பாடசாலைகளில் ஒரு காலத்தில் விடை எழுதப்பட்டது. 1885இலேயே கண்டிச் சட்டத்தரணி மு. கா. சித்திலெப்பை 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலை வெளியிட்டிருந்தார். 1882 முதல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை நடத்தியவரும் அவரே. அந்நூல் ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர்கள் முஸ்லிம் எழுத்தாளரின் அலுமாரியைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான். 'மோகனாங்கி'க்கும் ஒரு முதன்மை உண்டு: தமிழில் எழுந்த முதலாவது வரலாற்று நாவல் என அதனைக் கொள்வர். சித்திலெப்பைக்கு உரியதைக் கொடுப்பதால் திருகோணமலைக்கு ஒன்றும் குறையவில்லை.

அந்த அலுமாரியைத் திறந்து பட்டியலிட்டவர் பாணந்துறையைச் சேர்ந்த ம. மு. உவைஸ். தமிழிலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய பணியை அவர் ஆராய்ந்து 1953இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். பின்னாளில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழிலக்கியப் பேராசிரியராக விளங்கினார். யாழ்ப்பாணத்துப் பதுறுத்தீன் புலவர் முகியித்தீன் புராணம் பாடியவர் என்பதை இன்றைய யாழ்ப்பாணத்து மாணவர் அறிய வேண்டுமானால் இத்தகைய ஆய்வாளர்களின் நூல்களையே நாடவேண்டியிருக்கிறது. எமது வினாவிடை நூல்களில் அவர் இல்லை.

இனி, துயரமான ஒரு 'பொது அறிவு'. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. க. மு. செல்லப்பா 1933இல் தமது வீட்டில் தொடங்கிய சிறு முயற்சி, 1959இல் அழகிய கட்டடத்துக்குக் குடிபுகுந்து, இருபத்திரண்டு ஆண்டுகளில் சாம்பரானது. இதைப் பற்றி எழுதும் பலரும், 'யாழ்ப்பாண வைபவமாலையின் உலகிலிருந்த ஒரேயொரு பிரதியும் எரிந்தது' என்று சேர்த்துவிடுகின்றனர். மாதகல் மயில்வாகனப் புலவர் ஒல்லாந்தர் காலத்தில் இயற்றிய அந்நூலைப் பிறிற்றோ 1879இலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குல. சபாநாதனின் பதிப்பு வந்தது. இன்றும் அது வாசிக்கக் கிடைக்கிறது. அந்த இரவில் ஏட்டுச்சுவடிகளும் மீண்டும் பெற முடியாத கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன என்பது உண்மை. அந்த உண்மையே நெஞ்சை எரிக்கப் போதுமானது. அதற்கு மேலே பொய்யான ஒரு வரியை ஏற்றினால், கொளுத்தியவர்களின் வழக்கறிஞனுக்கு அந்த ஒரு வரி போதும். மற்ற எல்லாவற்றையும் அவன் அதைக் கொண்டே மறுத்துவிடுவான்.

அழிவு நூலகத்தோடு முடியவில்லை. 1990ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலுமிருந்து அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். சோனகத் தெருவில் பூட்டப்பட்ட வீடுகளில் உறுதிகள் இருந்தன. பழைய கிதாபுகளும், குடும்ப வரலாற்றுக் குறிப்புகளும், நிழற்படங்களும் இருந்தன. அவற்றுக்கு எண்ணிக்கை எடுத்தவர் எவருமில்லை. மக்களுட் பெரும்பாலானோர் சென்றடைந்தது புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளை. காசிச்செட்டி பிறந்த அதே கரை. நூலக எரிப்பின் திகதியைத் தூக்கத்திற் கேட்டாலும் சொல்லும் எம் பிள்ளைகளிடம் இந்தத் திகதியைக் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளிற் பிழையில்லை, நூலில் இருப்பதைத்தான் அவர்கள் படிக்கிறார்கள்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் பேசும் சமூகங்களின் பழைய நூல்களையும் பத்திரிகைகளையும் எவரும் பணமின்றி வாசிக்கலாம். ஆசிரியர்கள் ஒரு வினாவை எழுதுமுன் அரை மணி நேரத்தை அங்கு செலவிட்டால் மேலே சொன்ன பிழைகளிற் பல நேரா. முன்னர் இதற்குக் கொழும்புக்கோ சென்னைக்கோ போகவேண்டியிருந்தது. இன்று அந்தச் சாட்டும் இல்லை.

ஈற்றில் ஒரு வினா. 'இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதலாவது முஸ்லிம் யார்?' இது வினாவிடை நூல்களில் இருக்கிறது. விடையும் சரி: ஏ. எம். ஏ. அஸீஸ், 1935. கொழும்பு சாகிறாக் கல்லூரியின் அதிபராக 1948 முதல் 1961 வரை அவர் ஆற்றிய பணியும், 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை உருவாக்கியதும், 'இலங்கையில் இஸ்லாம்' என்ற அவர் நூலும் ஒரோவழி குறிப்பிடப்படும். அவரைக் கொழும்பு மனிதர் என்றே பலரும் எண்ணுகின்றனர். அவர் 1911ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் திகதி பிறந்தது வண்ணார்பண்ணையில். தந்தையார் யாழ்ப்பாணத்திற் சட்டத்தரணியாக விளங்கியவர். அஸீஸ் கற்றது வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும், பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும். நாவலர் 1848இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும் அதே வண்ணார்பண்ணையிலேதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். நாவலரின் பாடசாலை எங்குள்ளது என்ற வினாவை நாம் பார்த்த எல்லா நூல்களிலும் கண்டிருக்கிறோம். அஸீஸ் பிறந்த ஊர் எது என்ற வினாவை யாழ்ப்பாணத்தில் அச்சான எந்த நூலிலும் இதுவரை காணவில்லை.